‘நாட்டுத் தக்காளி’ என்பது எது? பாரம்பரிய ரகங்களும் அவற்றின் சத்துகளும்

காய்கறிச் சந்தைகளில் தக்காளி பெரும்பாலும் இரண்டு குவியல்களாகவே விற்கப்படுகிறது. தட்டையாகவும் வரிவரியாகவும் சாறு நிறைந்தும் புளிப்பாகவும் இருப்பது ‘நாட்டுத் தக்காளி’. முட்டை வடிவில், தடித்த தோலும் சதையுமாக, பல நாள் கெடாமல் இருப்பது ‘பெங்களூர்த் தக்காளி’. வட மாநிலங்களில் இவையே ‘தேசி’ என்றும் ‘ஹைப்ரிட்’ என்றும் அழைக்கப்படுகின்றன. நாட்டுத் தக்காளியே சுவையும் சத்தும் மிக்கது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது எந்த அளவுக்கு உண்மை என்பதை அறிய, ‘நாட்டு’ என்ற அடைமொழி எதைக் குறிக்கிறது என்பதை முதலில் காண வேண்டும்.

தக்காளி இந்திய மண்ணில் தோன்றிய பயிர் அன்று. அதன் காட்டு மூதாதைகள் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்திலும் ஆண்டிஸ் மலைச்சாரலிலும் வளர்ந்தவை. மெக்சிகோ பகுதியில் அது சாகுபடிப் பயிராக உருப்பெற்றது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். இந்தியாவுக்கு அது போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. வங்காளத்தில் இன்றும் முதியவர்கள் தக்காளியை ‘பிலிதி பேகுன்’, அதாவது சீமைக் கத்தரிக்காய் என்று சொல்வதுண்டு. ஒடியா மொழியிலும் இதே பொருள் தரும் பெயர் வழங்குகிறது. வந்தேறிய அந்தக் காய், சில நூற்றாண்டுகளில் நாட்டின் எல்லாச் சமையலறைகளிலும் குடியேறிவிட்டது. இன்று சீனாவுக்கு அடுத்தபடியாக உலகிலேயே அதிகத் தக்காளியை விளைவிக்கும் நாடு இந்தியா. ஆண்டு விளைச்சல் ஏறத்தாழ 2 கோடி டன்.

எனவே, பாரம்பரிய நெல் ரகம் என்று சொல்லும் அதே பொருளில் பாரம்பரியத் தக்காளி என்று சொல்ல இயலாது. ஒரு வட்டாரத்தில் விவசாயிகள் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து, விதை எடுத்து, மீண்டும் விதைத்து அந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் பழக்கப்படுத்திய ரகங்களையே அச்சொல் குறிக்கும். விதைத்தால் தாய்ச்செடியைப் போலவே காய்ப்பது இவற்றின் அடையாளம்.

அன்னஞ்சியும் மீரட்டும்

தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகப் பயிரிடப்படும் பி.கே.எம்.-1 ரகம் இதற்குத் தக்க சான்று. தேனி மாவட்டத்தின் அன்னஞ்சி என்ற ஊர்ப் பெயரால் அழைக்கப்பட்ட உள்ளூர்த் தக்காளியில் திடீர்மாற்றத்தைத் தூண்டி, பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட ரகம் அது. பழம் தட்டை உருண்டையாக இருக்கும்; காம்பைச் சுற்றித் தோள்பகுதி பச்சையாகத் தெரியும். இன்று நாட்டுத் தக்காளி என்ற பெயரில் சந்தைக்கு வரும் பழங்களில் இத்தகைய ஆராய்ச்சி நிலைய ரகங்களும் அடங்கும்.

வடக்கில் இதே கதை மீரட்டில் நிகழ்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் அந்நகரப் பெயரைத் தாங்கிய ‘இம்ப்ரூவ்டு மீரூத்தி’ ரகத்தையும் ‘சியூ’ என்ற அமெரிக்க ரகத்தையும் கலந்து, தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ‘பூசா ரூபி’யை உருவாக்கியது. ‘பூசா எர்லி டுவார்ஃப்’ ரகத்திலும் மீரூத்தியின் கலப்பு உண்டு. மறுபுறம், பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா விகாஸ்’, ‘டிப் டாப்’ என்ற அமெரிக்க ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. பெயரை மட்டும் வைத்து எது நாட்டு ரகம் என்று முடிவு செய்ய இயலாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நாகாலாந்தில் புவிசார் குறியீடு பெற்ற மரத்தக்காளியும், நம் வீட்டுக் கொல்லைகளில் வளரும் மணத்தக்காளியும் வேறு இனங்கள். பெயரிலும் குடும்பத்திலும் அவை தக்காளிக்கு உறவு.

பச்சைத் தோளின் இரகசியம்

பழம் முழுவதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்பது வணிகர்களின் நெடுநாள் விருப்பம். அதற்காக, தோள்பகுதியில் கரும்பச்சை தோன்றாத ரகங்களையே உலகெங்கும் வளர்ப்பாளர்கள் சுமார் 70 ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வந்தனர். அதனால் நேர்ந்த இழப்பு 2012ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. சீராகப் பழுக்கும் தன்மைக்குக் காரணம், ஒரு மரபணு செயலிழந்திருப்பதே என்று ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை காட்டியது. காயிலுள்ள பசுங்கணிகங்களை வளர்ப்பது அந்த மரபணு. அது செயல்படாவிட்டால் பசுங்கணிகங்கள் குன்றி, பழத்தில் சர்க்கரையும் லைக்கோபீனும் குறைகின்றன. அழகற்றது என்று ஒதுக்கப்பட்ட பச்சைத் தோள், அந்த மரபணு விழித்திருப்பதன் அடையாளமாகும்.

2017இல் அதே இதழில், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழுவினர் நவீன, பாரம்பரிய, காட்டுத் தக்காளிகள் 398 வகைகளை ஒப்பிட்ட முடிவுகளை வெளியிட்டனர். சுவைக்கும் மணத்துக்கும் காரணமான 13 சேர்மங்கள் நவீன ரகங்களில் கணிசமாகக் குறைந்திருந்தன. “முன்போல ரசம் மணக்கவில்லை” என்ற பாட்டிமாரின் குறை வெறும் கற்பனை அன்று.

நிறமும் சத்தும்

தக்காளியில் 100 கிராமுக்குச் சுமார் 94 கிராம் தண்ணீர்தான். ஆற்றல் 18 கலோரி. பொட்டாசியம் 240 மில்லிகிராம் அளவில் இருக்கும். வைட்டமின் சி, அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி சுமார் 14 மில்லிகிராம். ரகம், பழுத்த நிலை, வெயில், நீர்ப்பாசனம் ஆகியவற்றுக்கேற்ப இவை மாறும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை, நாட்டுத் தக்காளியையும் ஹைப்ரிட் தக்காளியையும் தனித்தனியாகவே பதிவு செய்துள்ளது.

ரகங்களுக்கிடையே பெரிய வேறுபாடு நிறமிகளில்தான் உள்ளது. சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன். இது உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவதில்லை; ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளாகவே மதிக்கப்படுகிறது. ஆரஞ்சு நிற ரகங்கள் சிலவற்றில் பீட்டா கரோட்டின் மிகுதி; அதுவே வைட்டமின் ஏ ஆக மாறக்கூடியது. மஞ்சள் ரகங்களில் லைக்கோபீன் மிகக் குறைவு. ‘டாஞ்சரின்’ எனப்படும் ஆரஞ்சு வகையில் லைக்கோபீன் வேறு வடிவத்தில் இருப்பதால் உடல் அதனை எளிதில் ஏற்கிறது. சிவப்புத் தக்காளிச் சாற்றைவிடச் சுமார் எட்டரை மடங்கு அதிகமாக ஈர்க்கப்பட்டது என ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2015ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. ‘கறுப்புத் தக்காளி’ என விற்கப்படும் பல பாரம்பரிய ரகங்களின் பழுப்புச் சாயலுக்குக் காரணம், பழுத்த பின்னும் பச்சையம் மறையாமல் சிவப்போடு கலந்து நிற்பதே. சிறு தக்காளிகளில் எடைக்கு எடை சர்க்கரை மிகுதி.

ஆகவே, நாட்டு ரகம் என்ற ஒரே காரணத்தால் சத்து மிகுந்துவிடும் என்று கூறுவது மிகைப்படுத்தல். வெளிறிய நிலையில் பறித்த நாட்டுத் தக்காளியைவிட, செடியிலேயே நன்கு சிவந்த ஹைப்ரிட் மேலானதாக இருக்கலாம். சமைக்கும் முறைக்கும் பங்கு உண்டு. எண்ணெய் சேர்த்து வதக்கும்போது லைக்கோபீன் உடலில் சேர்வது கூடுகிறது. வைட்டமின் சி குறைகிறது. தக்காளித் தொக்கும் பச்சைத் தக்காளிப் பச்சடியும் தருவது ஒரே சத்து அல்ல.

ஹைப்ரிட் ஏன் வென்றது?

விவசாயிகள் ஹைப்ரிட் விதைக்கு மாறியதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி, பாதுகாப்பற்ற வயலை முற்றிலும் அழித்துவிடக் கூடும். கோலாரிலோ மதனப்பள்ளியிலோ ஏற்றப்படும் பழம் பல நூறு கிலோமீட்டர் கடந்து நசுங்காமல் சேர வேண்டும். பெங்களூரு நிறுவனத்தின் ‘அர்கா ரக்ஷக்’ ஹைப்ரிட், இலைச்சுருள், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் என மூன்று நோய்களைத் தாங்குவது. 2023 ஜூலையில் பல நகரங்களில் கிலோ ரூ.200ஐத் தாண்டியபோது, வாங்கியவர்கள் ரகம் எதுவென்று கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஆயினும் ஹைப்ரிட் விதையை எடுத்து மறுமுறை விதைத்தால் செடிகள் பலவிதமாகக் காய்க்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் விதையை விலை கொடுத்தே வாங்க வேண்டும். கைவிடப்பட்ட உள்ளூர் ரகமோ சில ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்து மறைந்துவிடும். அதனுடன் மறைவது சுவை மட்டுமன்று. சாகுபடித் தக்காளியின் மரபு வளம், அதன் காட்டு உறவினங்களில் உள்ளதில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது. இலைச்சுருளைத் தாங்கும் மரபணுக்களே காட்டு இனங்களிலிருந்து கடன் பெற்றவைதான். தக்காளியின் மரபணுத் தொகுதி 2012இல் வெளியானபோது, 5ஆவது குரோமோசோமைப் படித்தறியும் பொறுப்பை இந்திய நிறுவனங்கள் ஏற்றிருந்தன. தைவானைத் தலைமையிடமாகக் கொண்ட உலகக் காய்கறி மையம் 8 ஆயிரத்துக்கும் அதிகமான தக்காளி மாதிரிகளைக் காக்கிறது. இந்தியாவில் இப்பணி தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தினுடையது.

பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001, விதையைச் சேமிக்கவும் பகிரவும், வணிக முத்திரையின்றி விற்கவும் விவசாயிக்கு உரிமை அளிக்கிறது. தாம் காத்துவரும் ரகத்தை அவர் தம் பெயரில் பதிவு செய்யவும் இயலும்.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், வீட்டுத் தோட்டத்திலும் விதை காப்பது கடினமன்று. நோயற்ற செடியில் முழுதும் பழுத்த பழத்தைப் பறித்து, விதையைச் சாற்றுடன் ஒரு பாத்திரத்தில் ஓரிரு நாள் புளிக்க விட வேண்டும். வழவழப்பு நீங்கியதும் தண்ணீரில் அலசி, மிதப்பவற்றை நீக்கி, அடியில் தங்கிய விதைகளை நிழலில் உலர்த்த வேண்டும். காகித உறையில் இட்டு, ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி, ஈரம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் மூன்று, நான்கு ஆண்டுகள் வரை முளைக்கும்.