தொலைவிலிருந்து வந்த பாடம்

பள்ளிக்குச் செல்லாமலே கல்வி பெறும் வழி நம் நாட்டுக்கு 2020-ஆம் ஆண்டில்தான் வந்தது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் அடைபட்டன. பிள்ளைகளின் கைக்கு அலைபேசி வந்தது. ‘இணையவழிக் கல்வி’ என்னும் சொல் வீடுதோறும் வழங்கலாயிற்று. ஆனால் வரலாற்றைச் சற்றே புரட்டினால், இக்கல்விக்கு அதற்கு முன்பே ஏறத்தாழ அறுபதாண்டு வயது ஆகிவிட்டது என்பது புலப்படும். அந்தப் பழைய கதையை அறியாமல் இதன் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்த்தல் இயலாது.

டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த வல்லுநர் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. யாருக்காக? பகலெல்லாம் கோப்புகளோடு போராடிய எழுத்தர்களுக்காக. திருமணத்தோடு படிப்பை விட்ட பெண்களுக்காக. கல்லூரியில் சேர வசதியற்றவர்களுக்காக. பாடம் அச்சிட்ட தாள்களாகத் தபாலில் வரும். விடை எழுதி அனுப்பினால் திருத்தப்பட்டுத் திரும்பி வரும். இடையிடையே நேர்முக வகுப்புகளும் உண்டு. நாம் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தபோது நமக்கு மேலிருந்த மூத்தவர்களில் இப்படிப் பட்டம் பெற்றவர் சிலர் இருந்தனர். தபால்காரர் ஒருநாள் தவறினால் அன்றிரவு உறக்கம் வராது என்று அவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம்.

1982-இல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985-இல் தில்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒன்று தோன்றுகிறது. முதலில் ‘அஞ்சல்வழிக் கல்வி’ என்றோம். பின்னர் ‘தொலைநிலைக் கல்வி’ என்றோம். இன்று ‘இணையவழிக் கல்வி’ என்கிறோம். முதற்பெயரும் கடைப்பெயரும் பாடத்தைச் சுமந்து வரும் வாகனத்தைக் குறிப்பவை. நடுப்பெயர் ஒன்றுதான் ஆசிரியனுக்கும் மாணவனுக்கும் இடையே உள்ள தொலைவை ஒளிக்காமல் சொன்னது. அதனை நாம் கைவிட்டிருக்க வேண்டியதில்லை.

தபாலை அடுத்து வானமே வாகனமாயிற்று. 1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்ற ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளின் வாயிலாக, ஆந்திரம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. கம்பி வலையால் வேய்ந்த பெரிய குடை போன்ற அலைவாங்கியை ஊர் நடுவே நிறுத்தினர். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிச் சிறுவர்க்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்க்கு. ஊருக்கு ஒரே பெட்டி! அதன் முன் ஊரே கூடி அமர்ந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையையும் இதன்வழி பயிற்றினர். சிறுவர்கள் காலைப் பாடத்தைப் பார்க்கையில் அவர்களுடைய ஆசிரியரும் அருகிலேயே இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் உரியவரிடம் திரும்பிற்று; ஆசிரியர் ஊரிலேயே இருந்தார்.

எல்லாப் பாடமும் தொலைவிலிருந்து வரக்கூடியதன்று என்பதும் காலப்போக்கில் தெளிவாயிற்று. பட்டறையும் ஆய்வுக்கூடமும் இன்றிப் பொறியியலைக் கற்பிப்பது எங்ஙனம்? சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை 2017-இல் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. பட்டத்தை நம்பிப் பல்லாண்டு வேலை பார்த்தவர்களும் மீண்டும் தேர்வெழுத வேண்டியதாயிற்று. பிழை செய்தவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர்.

இனி 2020-க்கு வருவோம். அதுவரை தொலைநிலைக் கல்வி, பள்ளிக்கும் கல்லூரிக்கும் வர இயலாதவர்க்குத் திறந்த பக்கவாயிலாக இருந்தது. அவ்வாண்டில் தலைவாயிலை அடைத்துவிட்டு எல்லோரையும் பக்கவாயில் வழியே வரச் சொன்னோம். வயது வந்த எழுத்தருக்குப் பொருந்திய முறை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு விதிக்கப்பட்டது. மத்திய அரசின் 2017-18 மாதிரிக் கணக்கெடுப்பின்படி இணைய வசதி பெற்ற வீடுகள் நூற்றுக்கு 24-க்கும் குறைவு. சிற்றூர்களில் 15 கூட இல்லை. 2020-இல் திறன்பேசிகள் பெருகியிருந்தன என்பது மெய்யே. எனினும் வீட்டில் ஒரு பேசி இருந்தால் அது தந்தையோடு வேலைக்குப் போய்விடும். நம் குடியிருப்பிலேயே அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வேளையில் வகுப்பு, பேசியோ ஒன்று. விட்டுக்கொடுத்தவள் யார் என்று சொல்ல வேண்டுவதில்லை.

கேரளம் இதனை விரைவில் உணர்ந்தது. 2020 ஜூன் முதல் நாள் அங்கே தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் தொடங்கியபோது, பெட்டியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் துயரம் வெளிப்பட்டது. உடனே நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுப் பெட்டிகளை வைத்துப் பிள்ளைகளை அமர்த்தினர். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரிசாச் சிற்றூரில் கண்ட அதே காட்சி! தமிழ்நாட்டிலோ, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. அலைபேசி வகுப்புகள் விட்டுச் சென்ற குறையை நிரப்ப, மாலை வேளைகளில் அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர், இருபது பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு எழுத்தையும் கணக்கையும் மீண்டும் சொல்லித்தரத் தொடங்கினார்.