‘வந்து போகிறவர்’ என்ற சொல்

வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்க்களங்களையும் நினைப்பது நம் வழக்கம். ஆனால் எளிய குடும்பங்களின் வாழ்வைத் திசை திருப்பும் நிகழ்ச்சிகள் அரசிதழின் ஓர் ஆணையிலோ, நீதிமன்றத் தீர்ப்பின் ஒரு வரியிலோ அடங்கிக் கிடப்பதும் உண்டு. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில், கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழருக்கு நேர்ந்த அத்தகைய மாறுதல்கள் சிலவற்றை இங்கே காண்போம். வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு இஃது அயலார் கதை அன்று.

இவ்விரு பகுதித் தமிழரும் ஒரு தன்மையர் அல்லர். பாலக்காட்டுச் சமவெளியில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தார் தலைமுறை தலைமுறையாக உழுது பயிரிட்டு வந்தவர்கள். தேவிகுளம், பீர்மேட்டு மலைகளில் இருந்தவர்களுள் மிகப் பலரோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்.

மொழிவழி மாநிலங்கள் அமையவிருந்த காலத்தில், இம்மலைகளைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டுமென்று நேசமணி அவர்களின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1955ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த பசல் அலி ஆணையம் அதற்கு இசையவில்லை. அங்கே தமிழர் பெரும்பான்மையினராக இருந்தும், அவருள் பலர் வேலைக்காக வந்து போகிறவர் என்பதும், மலையின் பொருளாதாரச் சிறப்பும் அம்முடிவுக்குக் காரணங்களாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. ‘வந்து போகிறவர்’ என்ற அச்சொல் மெய்தானா என்பதே பின்வந்த ஆண்டுகளின் கேள்வி.

முதல் விடை வாக்குச்சாவடியில் கிடைத்தது. 1957இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அவர்களின் அமைச்சரவை சிறிய பெரும்பான்மையோடு பதவி ஏற்றது. மறு ஆண்டு தேவிகுளத்தில் வந்த இடைத்தேர்தலை நாடே உற்று நோக்கியது. தோட்டத் தொழிலாளரின் வாக்கை நாடி, பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறி வந்து தமிழிற் பாடினார். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். கூலிப் பதிவேட்டில் மட்டும் பெயர் கொண்டிருந்தவர்கள் ஓர் அரசின் வலிமையை அறுதியிடும் குடிமக்களாயினர். அப்பாவலரின் தம்பி இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தால் தமிழகம் முழுதும் புகழ் பெற்றது வேறொரு கதை.

அடுத்து நீரும் மின்சாரமும். 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கை, மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைக் கேரளத்துக்கு உறுதி செய்தது. சித்தூர்ப் பாசனம் அந்நீரை நம்பியது. 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி தனி மாவட்டமாயிற்று. குறவன், குறத்தி என்னும் இரு குன்றுகளுக்கிடையே, கனடா நாட்டின் உதவியோடு, 555 அடி உயரமுள்ள வளைவு அணை எழுந்தது. 1976இல் மூலமற்றத்துச் சுரங்க மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

மொழிக்கும் ஓரளவு இடம் கிடைத்தது. 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம், மொழிச் சிறுபான்மையினர் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யுமாறு அரசியலமைப்பில் விதி சேர்த்தது. அமெரிக்கர் இருவர் நிலவில் கால் வைத்த 1969ஆம் ஆண்டில், கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தம் மொழியில் எழுத வழி வகுத்தது.

நிலத்தின் செய்தியோ வேறு. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. உழுதவர் பலர் உரிமையாளராயினர். ஆனால் தேயிலைத் தோட்டங்கள் நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு தரும் கடமையை முதலாளிமீது சுமத்தியது. அது நன்மையே, எனினும் அவ்வீடு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் லயத்தின் சாவியையும் திருப்பித் தர வேண்டும். மூன்று தலைமுறை கொழுந்து பறித்த குடும்பமும், ஓய்வு பெறும் நாளில் ‘எங்கே போவது?’ என்று நிற்க நேர்ந்தது.

சாதிச் சான்றிதழிலும் இச்சிக்கல் தொடர்ந்தது. பட்டியல் இனத்தார்க்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் நாளினது. ஒரு மாநிலத்துப் பட்டியலின் உரிமையை மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டு செல்ல இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. ஆகவே, பாட்டன் மலையேறியது அந்நாளுக்கு முன்னா பின்னா என்பதே பேரனின் கல்விச் சலுகையைத் தீர்மானிக்கலாயிற்று.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி, ‘பெம்பிளை ஒருமை’ என்று ஒன்றுகூடி, 20 விழுக்காடு போனசுக்காகப் போராடி அதற்கு ஈடான தொகையைப் பெற்றனர். 2020 ஆகஸ்டு 6 இரவு, பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது; எழுபது உயிர்கள் மறைந்தன. பட்டா இல்லாதவர்க்கு இருப்பிடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை என்பதை அந்த இரவு உணர்த்திற்று.

வாக்கும் மின்சாரமும் மலைக்கு வந்துவிட்டன; தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த மனை என்னும் மைல்கல் மட்டும் இன்னும் பலருக்கு எட்டவில்லை. வெளி மாநிலத் தமிழ் அன்பர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, பழைய சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பேணி வையுங்கள். நம்மை ‘வந்து போகிறவர்’ என்று எவரேனும் எழுதும்போது, இல்லை என்று சான்று கூறுபவை அவையே.