அந்தரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

ஆலங்குடி என்றதும் குரு பகவானை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது திருவாரூர் மாவட்டம். நான் சொல்வது புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலங்குடி.

1980-களின் கடைசியில் ஒரு சாயங்காலம். அங்கே பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பொட்டலில் மூங்கில் கழிகளை நட்டுக் கயிறு கட்டினார்கள். அப்பா மேளம் தட்ட, என் வயசே இருக்கும் ஒரு சிறுமி தலையில் செம்போடு கயிற்றின் மேல் நடந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, பெட்டிக்கடைத் தாத்தா, "பள்ளிக்கூடம் போற புள்ளைய இப்படி அந்தரத்துல ஏத்திட்டானே, பாவி!" என்று திட்டினார். திட்டிக்கொண்டே தட்டில் நாலணாவும் போட்டார்.

நாமும் அப்படித்தானே? பரிதாபப்படுவோம், கைதட்டுவோம். இரண்டும் ஒரே நிமிஷத்தில்!

கயிற்றில் நடப்பது நேற்று வந்த வித்தை இல்லை. குறுந்தொகையின் 7-வது பாட்டிலேயே கயிற்றில் ஆடுகிறவர்களுக்கு அடிக்கும் பறைச் சத்தம் உவமையாக வருகிறது. நற்றிணையின் 95-வது பாட்டு இன்னும் சுவாரசியம். ஆடுமகள் நடந்துவிட்டுப் போன கயிற்றில் குரங்குக் குட்டி ஏறி ஆட, அதைப் பார்த்துக் குறவர் பிள்ளைகள் தாளம் கொட்டுகிறார்கள். அப்போதும் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள்தான் முதலில் ஓடி வந்திருக்கிறார்கள்!

இப்படித் தெருவில் கிடந்த வித்தைக்குக் கூடாரம் போட்டு டிக்கெட் வைத்தவர் விஷ்ணுபந்த் சத்ரே என்ற மராட்டியர். மும்பைக்கு வந்த இத்தாலியரான சியாரினி, 'இந்தியர்களுக்கெல்லாம் சர்க்கஸ் வராது' என்று சீண்டிவிட்டார் என்பார்கள். ரோஷத்தில் பிறந்தது 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்'. வருடம் 1880. அது தலச்சேரிக்குப் போனபோது கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் சத்ரேயைச் சந்தித்தார். களரி தெரிந்த மனிதர். 1901-ல் தலச்சேரிக்குப் பக்கத்தில் சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளியே ஆரம்பித்துவிட்டார். கயிற்றின் மேலேயே குட்டிக்கரணம் அடித்து அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் அசத்திய கண்ணன் பாம்பேயோ, அந்தத் தலச்சேரி மண்ணில் முளைத்தவர்தான். 1951-ல் தொடங்கிய ஜெமினி சர்க்கஸின் சங்கரனும் அந்தப் பக்கத்துக்காரர்தான். 'அபூர்வ சகோதரர்கள்' பார்த்தவர்களுக்கு ஜெமினி கூடாரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் செலவுக் கணக்கில் எது விட்டுப்போனது என்று தேடும் புத்தி. சர்க்கஸ் கணக்கில் விட்டுப்போனது பிள்ளைகள். எலும்பு வளைகிற வயசிலேயே பழக்க வேண்டும் என்பது முதலாளிகள் வாதம். அதற்காக நேபாளத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்துகூடச் சிறுமிகள் வந்தார்கள். வருடக்கணக்கில் ஒப்பந்தம். நடுவில் வீட்டுக்குப் போக முடியாது. அடி, உதை, அதைவிட மோசமானவையும் நீதிமன்றத்துக்கு வந்தன. 2011 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை கொண்டுவரும்படி மத்திய அரசுக்கு உத்தரவு போட்டது.

தடை சரிதான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால், வித்தையைப் பிள்ளைகளுக்குப் பத்திரமாகச் சொல்லித்தரும் இடம்? 2010-ல் கேரள அரசு தலச்சேரியில் ஒரு சர்க்கஸ் அகாடமி திறந்தது. சில வருடங்களில் மூடியும் விட்டது.

இதே கேள்வி எத்தியோப்பியாவுக்கும் வந்தது. 1991-ல் அடிஸ் அபாபாவில் ஏழைப் பிள்ளைகளை வைத்து 'சர்க்கஸ் எத்தியோப்பியா' தொடங்கினார்கள். வெளிநாடெல்லாம் சுற்றிய அந்தக் குழு, 1998-ல் ஆஸ்திரேலியா போனபோது உடைந்தது. பிள்ளைகளில் பலர் ஊர் திரும்ப மறுத்தார்கள். குழுவைத் தொடங்கியவர் மீதே பாலியல் புகார்! கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2004-ல் அதே ஊரில் இளைஞர்களே சேர்ந்து 'ஃபேகாட் சர்க்கஸ்' ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு வித்தை சொல்லிக்கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தைகளைச் சிரிக்க வைக்கவும் போனார்கள்.

தடைக்குப் பிறகு நம் ஊர்க் கூடாரங்களில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்டியவர்களில் எத்தியோப்பிய, தான்சானிய இளைஞர்களும் உண்டு. நம் பிள்ளைகளுக்கோ, 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சினிமாவிலும் டி.வி. சீரியலிலும் விளம்பரத்திலும் நிபந்தனையோடு நடிக்க அனுமதி தருகிறது. சர்க்கஸ் மட்டும் கூடாது என்று அதே பிரிவிலேயே எழுதியும் வைத்திருக்கிறது.