நாள்களின் பெயர்மாற்றம்: திருவழிபாட்டு நாள்காட்டியும் சிற்றாலயத் தமிழும்

சமய வாழ்வில் நாள்காட்டி என்பது தேதிகளின் பட்டியல் மட்டுமன்று; அது ஒரு சொற்றொகுதியும் ஆகும். ஒரு சமூகம் தன் திருநாள்களை எப்பெயர்களால் வழங்கியது என்று தொகுத்துப் பார்த்தால், அது எம்மொழிகளோடு உறவாடியது என்பதும் விளங்கும். தமிழ்க் கத்தோலிக்கரின் திருநாள் பெயர்கள் இதற்குத் தக்க சான்று. அவர்களுடைய வழிபாட்டு மொழியும் நாள்காட்டியும் 1960களிலும் 1970களிலும் அடுத்தடுத்து மாறின. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் சிற்றாலயங்களுக்கு அம்மாற்றம் தந்தது எது, அவற்றிடமிருந்து எடுத்துச்சென்றது எது என்பதே இவ்வுரையின் பொருள்.

தமிழ் அச்சின் தொடக்கமே இப்பொருளோடு தொடர்புடையது. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. 1586-இல் வெளிவந்த அவருடைய ‘அடியார் வரலாறு’ புனிதர்களின் வாழ்க்கையைத் திருநாள்களையொட்டிக் கூறுகிறது. அக்காலம் முதல் தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இரண்டு சொல்லடுக்குகள் படிந்தன. இஸ்பிரீத்து சாந்து, பாஸ்கு, குருசு என்பன போர்த்துகீசியம் தந்தவை. அர்ச்சியசிஷ்டர், சர்வேசுரன், ஞானஸ்நானம் போன்றவை வடமொழி வழி வந்தவை. சாம்பல் பூசும் புதன்கிழமை ‘விபூதி’யின் பெயரைப் பெற்றது, பலி ‘பூசை’ ஆயிற்று, செபங்கள் ‘மந்திரங்கள்’ ஆயின. அண்டை வீட்டாரின் சைவச் சொற்களை எடுத்தாள அன்றைய கிறித்தவர் தயங்கவில்லை.

இச்சொற்கள் கடல் கடந்தும் வந்தன. புதுச்சேரியிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரே பாரிசு மறைபரப்புச் சபையின் குருக்கள் பணியாற்றினர். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888-இல் சிங்கப்பூரின் ஓபிர் சாலையில் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம் அத்தொடர்பின் சின்னம். தோட்டப்புறச் சிற்றாலயங்களிலோ குருவானவரின் வருகை அரிது. பிற நாள்களில் உபதேசியாரே செபங்களை முன்னின்று நடத்துவார். பூசை நிகழும்போது குருவானவர் பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் ஓதுவார். மக்களோ பின்னால் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரே கூரையின் கீழ் இரு மொழிகளில் இரு வழிபாடுகள் நடந்தன எனலாம். திருச்சபையின் மொழி இலத்தீன். பக்தியின் மொழி தமிழ்.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம் இந்நிலையை மாற்ற வழிவகுத்தது. 1965 மார்ச் 7 அன்று உரோமையின் ஆலயமொன்றில் திருத்தந்தை ஆறாம் பவுல் இத்தாலிய மொழியில் பலி நிறைவேற்றினார். 1969 பிப்ரவரி 14 அன்று அவர் ஒப்புதல் அளித்த புதிய நாள்காட்டி 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதன் மாற்றங்கள் பல. தவக்காலத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலம் நீங்கியது. பெந்தகோஸ்துக்குப் பின் இத்தனையாம் ஞாயிறு என்று எண்ணும் முறை போய், 33 அல்லது 34 வாரங்கள் கொண்ட ‘பொதுக்காலம்’ வந்தது. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கொண்டாடப்பட்ட கிறிஸ்து இராசா திருநாள், வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு நகர்ந்து ‘கிறிஸ்து அரசர் பெருவிழா’ ஆயிற்று. திருவருகைக் காலத்தின் இறுதி நாள்கள் தடைப்படாதிருக்க, டிசம்பர் 21-இல் இருந்த தோமையார் திருநாள் சூலை 3-க்கு மாற்றப்பட்டது. அவருடைய திருப்பண்டங்கள் எதேசா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதைச் சுரியானி மரபு நினைவுகூரும் நாள் அது. மயிலாப்பூர் மரபில் வந்த தமிழருக்கு இது சிறிய மாற்றமன்று.

சொற்களின் மாற்றம் இன்னும் ஆழமானது. இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார், அர்ச்சியசிஷ்டர் புனிதரானார், பூசை திருப்பலியாயிற்று, விபூதி திருநீறாயிற்று. மூன்று இராசாக்கள் திருநாள் ‘திருக்காட்சிப் பெருவிழா’ என்னும் பெயர் பெற்றது. பழைய பெயர் கதைமாந்தரைச் சுட்டியது. புதிய பெயர் இறைவன் தம்மை வெளிப்படுத்தினார் என்னும் கருத்தைச் சுட்டுகிறது. முன்பு பொதுவாகத் ‘திருநாள்’ என்றே வழங்கியவை பெருவிழா, விழா, நினைவு என முத்தரமாகப் பிரிந்தன. உரோமை வகுத்த தரவரிசைக்கு எளிய தமிழ்ச் சொற்களே போதுமானவையாக அமைந்தது கலைச்சொல்லாக்கத்தின் நல்ல வெற்றி.

கிடைத்த பயன் பெரிது. ஞாயிறு வாசகங்கள் மூவாண்டுச் சுழற்சியாக விரிந்தன. அவற்றைப் படிக்கப் பொதுநிலையினர் எழுந்து நின்றனர். தோட்டத் தொழிலாளியும் அலுவலக எழுத்தரும் சபை முன் உரைநடைத் தமிழை உரக்கப் படிக்கும் மேடை அமைந்தது. வேறு மொழிகளில் கல்வி பெறும் நம் பிள்ளைகள் பலருக்கு வாரந்தோறும் செந்தமிழ் காதில் விழும் இடங்களுள் இன்றும் இது ஒன்று.

இழப்பும் உண்டு. கிறித்தவப் பிரிவுகள் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் திருத்தூதர் பெயர்களை ஒருமைப்படுத்தியது. கத்தோலிக்கர் வழங்கிய இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார், அருளப்பர் யோவானானார். ஒற்றுமைக்கு அது தேவைப்பட்டது. எனினும் இராயப்பன், சின்னப்பன், அருளப்பன் என்னும் பெயர்கள் நம் குடும்பங்களில் தொடர்கின்றன. பேதுரு, பவுல் பெருவிழாவான சூன் 29 தன் பெயருக்குரிய நாள் என்பதை இன்று ஓர் இராயப்பன் அறிய வழியில்லை. பிரியதத்த மந்திரம் என்று பாட்டி சொல்வது தான் கற்ற அருள் நிறை மந்திரமே என்று பேத்திக்கும் தெரிவதில்லை. செபம் ஒன்றுதான், சொல் வேறானதால் இருவரும் சேர்ந்து சொல்ல இயலவில்லை.

ஆயினும் மக்களின் நாள்காட்டி எளிதில் அழிவதில்லை. ஓர் ஆலயம் தன் பாதுகாவலரின் நாளைப் பெருவிழாவாகக் கொண்டாடத் திருச்சபை விதிகளே இடமளிக்கின்றன. புக்கிட் மெர்தாஜாமின் புனித அன்னம்மாள் ஆலயத்தில் சூலை 26-ஐ ஒட்டி நிகழும் விழாவைப் பாருங்கள். 1969-இல் அன்னம்மாளின் நினைவோடு அவர் கணவர் சுவக்கினின் நினைவும் சேர்ந்தது. திரள்கின்ற மக்களுக்கு அது இன்றும் அன்னம்மாள் திருநாளே. ஆணை தேதியையும் தரத்தையும் வகுக்கும். பெயரை நிலைநிறுத்துவது நாவின் பழக்கம்.

ஆகவே பழைய சொல்லா, புதிய சொல்லா என்று வழக்காடுவது பயனற்றது. புதிய சொற்கள் தமிழைப் பீடத்துக்கு ஏற்றின. பழையவை நானூறு ஆண்டுப் பயணத்தின் தடங்கள். செய்யத்தக்கவை இரண்டு. வீட்டுப் பெட்டிகளில் சிதைந்துவரும் பழைய செபப் புத்தகங்களைத் தொகுத்து, முதியோர் நாவிலுள்ள மந்திரங்களை ஒலிப்பதிவு செய்தல் ஒன்று. மறைக்கல்வி வகுப்பில் ஒவ்வொரு திருநாளுக்கும் புதிய பெயரோடு பழைய பெயரையும் கற்பித்தல் மற்றொன்று. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பழைய பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே தொடங்க வேண்டும்.