வேலை போனால் சுற்றுச்சூழல் அக்கறையும் போகுமா? அமெரிக்கக் கருத்துக்கணிப்பு காட்டுவது என்ன?

சுற்றுச்சூழல் முக்கியமா, பொருளாதார வளர்ச்சி முக்கியமா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்க என்று அமெரிக்கர்களிடம் காலப் நிறுவனம் 1984 முதல் கேட்டு வருகிறது.

2000ஆம் ஆண்டில் 67 சதவீதம் பேர் சுற்றுச்சூழல் பக்கம் நின்றார்கள். 2008ல் நிதி நெருக்கடி. லட்சக்கணக்கானோருக்கு வேலை போச்சு. 2009 மார்ச்சில் முதல்முறையாக வளர்ச்சி முந்தியது: 51 சதவீதம். சுற்றுச்சூழலுக்கு 42தான். 2011ல் அதுவும் 36 ஆனது.

அப்போ, இயற்கை மேல் அக்கறையே போயிடுச்சா? அப்படிச் சொல்ல முடியாது. வீட்டுக்கடன் தவணை கட்ட வழியில்லாதவரிடம் 'ரெண்டில் ஒன்று' என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? வேலையின்மை 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்த 2019 மார்ச்சில், 65 சதவீதம் பேர் மறுபடி சுற்றுச்சூழலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பொருளாதாரம் மட்டுமே காரணம் இல்லை. இந்தக் கேள்விக்கு ஜனநாயகக் கட்சிக்காரரும் குடியரசுக் கட்சிக்காரரும் சொல்லும் பதில் இப்போது ரொம்பவே வேறு.