சொலினாவின் இரட்டை அலைவு: வயலின் குழுவா, சுழலும் ஒலிபெருக்கியா?

1974இல் வெளிவந்த சொலினா ஸ்ட்ரிங் என்செம்பிள் பற்றிய எழுத்துகளில் ஒரு விளக்கம் ஏறத்தாழ மறுப்பின்றி நிலைத்துவிட்டது. பல வயலின்கள் ஒன்றுசேர்ந்து ஒலிக்கும்போது ஒவ்வொரு கலைஞரின் சுருதியும் இம்மியளவு விலகுகிறது. அந்த விலகல்களின் கூட்டத்தையே இக்கருவியின் என்செம்பிள் சுற்று மின்னணு வழியில் போலச் செய்கிறது என்பது அவ்விளக்கம். கருவியின் பெயரும் முகப்பில் பொறித்த வாத்தியப் பெயர்களும் அதற்கு அரண் செய்கின்றன. ஆனால், சுற்றின் அலைவு அமைப்பை நுணுகிப் பார்த்தால் வேறொரு மரபு தென்படுகிறது. சொலினா போலச் செய்வது வயலின் குழுவை அன்று, ஆர்கன் வாசிப்பவர்கள் நன்கறிந்த சுழல் ஒலிபெருக்கியை என்பதே என் வாதம்.

முகப்புப் பலகையைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியதில்லை. அங்கே வயோலாவும் வயலினும் தனித்தனிப் பொத்தான்களாக உள்ளன. மெய்யான அவ்விரு வாத்தியங்களின் தந்திகளுக்கிடையே உள்ளது ஐந்தாம் சுர இடைவெளி. சொலினாவிலோ அவற்றுக்கிடையே இருப்பது ஒரு முழு ஸ்தாயி. ஆர்கனில் எட்டடிக் குழல்வரிசைக்கும் நாலடிக் குழல்வரிசைக்கும் உள்ள அதே உறவு இது. கருவியைச் செய்த எமினென்ட் நிறுவனம் நெதர்லாந்தின் போடெகிராவனில் இருந்த ஆர்கன் நிறுவனம். அமெரிக்கச் சந்தையில் இதை விற்றது ஏஆர்பி. எமினென்ட் 310 ஆர்கனின் தந்தியிசைப் பகுதியைப் பிரித்தெடுத்துத் தனிப் பெட்டியில் வைத்ததே சொலினா என்பது துறையில் எல்லோரும் ஒப்பியது. ஒப்பிய பிறகும் அதன் விளைவை யாரும் பின்தொடராததுதான் வியப்பு.

சிக்கல் முழுவதும் என்செம்பிள் சுற்றில் இருக்கிறது. ஒலி மூன்று தாமதத் தடங்களாகப் பிரிந்து செல்கிறது. பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டரும் டீரும் 1969இல் விவரித்த பக்கெட் பிரிகேட் கருத்தின் (ஒலிக்குறியைக் கடிகாரத் துடிப்புக்கு ஏற்பப் படிப்படியாகக் கைமாற்றித் தாமதப்படுத்துவது) வழி வந்த தடங்கள் அவை. (பிலிப்ஸும் எமினென்ட்டும் ஒரே சிறு நாட்டைச் சேர்ந்தவை என்பதைச் சான்றாக்க எனக்குத் துணிவில்லை.) ஒவ்வொரு தடத்தின் தாமத நேரத்தையும் இரண்டு அலைவுகள் ஒருசேர நீட்டிக் குறைக்கின்றன. ஒன்று வினாடிக்குச் சுமார் 6 முறை, மற்றது சுமார் 0.6 முறை. மூன்று தடங்களுக்கும் இந்த அலைவுகள் 120 பாகைக் கட்ட வேறுபாட்டில் போய்ச் சேர்கின்றன.

முந்தைய வாசிப்பின் வலு 6 ஹெர்ட்ஸில் இருக்கிறது. வயலின் கலைஞரின் கமகத் துடிப்பு, மேலை இசையில் விப்ராட்டோ எனப்படுவது, ஏறத்தாழ இதே வேகத்தில் அமைகிறது. ஆகவே அந்த எண்ணை மட்டும் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 0.6 ஹெர்ட்ஸுக்கு வயலின் பக்கம் இணை எது? வில்லைத் திருப்பும் கால அளவு என்று ஒரு விடை சொல்லப்படலாம். வில் திரும்பும்போது மாறுவது முதன்மையாக ஒலியின் அழுத்தம், சுருதி அன்று. அந்த விடையை இதற்கு மேல் தொடர்வதில் பயனில்லை.

சுழல் ஒலிபெருக்கியின் பக்கம் போனால் இரு எண்களும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. டான் லெஸ்லி ஹாமண்ட் ஆர்கனுக்காக உருவாக்கிய பெட்டியில் மேல் ஹார்ன் மெதுவாகச் சுழலும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 50 சுற்று, விரைவாகச் சுழலும்போது ஏறத்தாழ 400 சுற்று. வினாடிக் கணக்கில் அவை முக்காலை ஒட்டியும் ஆறரையை ஒட்டியும் வருகின்றன. ஆர்கன் கலைஞர் இவ்விரண்டில் ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் தேர்ந்தெடுக்க முடியும். சொலினாவின் வடிவமைப்பாளர்கள் இரண்டையும் ஒருசேர ஓடவிட்டிருக்கிறார்கள். எண்களின் ஒற்றுமை தற்செயலாகவும் இருக்கக்கூடும். வலுவான காரணம் வேறு.

அலைவுகளின் பங்கு என்ன என்று கணக்கிடுவோம். தாமதம் நிலையாக இருந்தால் சுருதி மாறாது. தாமதம் மாறும் வேகமே சுருதி விலகலாகக் கேட்கிறது. கணக்குக்காக மட்டும், 6 ஹெர்ட்ஸ் அலைவு தாமதத்தை 0.1 மில்லிவினாடி ஏற்றி இறக்குகிறது என்று கொள்வோம். உச்ச விலகல் சுமார் 6.5 சென்ட், அதாவது ஓர் அரைச்சுரத்தின் பதினைந்தில் ஒரு பங்கு. அதே விலகலை 0.6 ஹெர்ட்ஸ் தர வேண்டுமானால் தாமதம் பத்து மடங்காக, 1 மில்லிவினாடி அளவுக்கு அசைய வேண்டும். அந்த அசைவு 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் அலையில் ஏறத்தாழ 158 பாகைக் கட்ட மாற்றம். விரைவு அலைவு தருவதோ 16 பாகைதான். மூன்று தடங்களும் கூடும்போது, மெதுவான அலைவு அடிப்படைச் சுரத்தையே ஏற்றியும் மங்கவைத்தும் நகர்கிறது. விரைவு அலைவின் இத்தகைய பாதிப்பு மேற்சுரங்களில்தான் தெரியும். ஆக, மெதுவானதன் வேலை சுருதியைக் கலைப்பதைவிட ஒலியின் நிறத்தைத் தொடர்ந்து நகர்த்துவது. குழுவின் சுருதிப் பிசிறு என்ற விளக்கத்தில் இதற்கு இடமே இல்லை. சுழலும் ஹார்னின் நேரொலியும் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலிகளும் கலக்கும் அறையில் நிகழ்வது இதுவே.

அடுத்தது 120 பாகை. இத்தகைய மூன்று அலைவுகளைக் கூட்டினால் எந்தக் கணத்திலும் சுழியே கிடைக்கும். ஒரு தடம் மேலேறும்போது மற்ற இரண்டும் அதை ஈடுசெய்கின்றன. சராசரிச் சுருதி அசைவதில்லை. இத்தகைய தராசு எந்த வயலின் குழுவிலும் இல்லை. தாமதம் கடிகாரத் துடிப்புக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைவதால் ஈடு துல்லியமாகச் சுழியாகாது என்ற மறுப்பு சரியானது. ஆனால் எஞ்சும் பிழை வாதத்தைத் தொடும் அளவுடையதன்று.

எல்லாவற்றிலும் எனக்கு அறுதியாகத் தோன்றுவது ஒன்று உண்டு. சொலினாவில் தாழ்ந்த ஸ்தாயிச் சுரங்கள் மேல் சுரங்களின் அலைவெண்ணைப் பாதி பாதியாகப் பகுத்துப் பெறப்படுபவை. ஒரே சுரத்தின் வெவ்வேறு ஸ்தாயிகள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. அவற்றுக்கிடையே விலகல் பிறக்க வழியில்லை. எத்தனை கட்டைகளை அழுத்தினாலும் அச்சுரங்கள் யாவும் கலந்த பின்னரே மூன்று தடங்களுக்குள் நுழைகின்றன. எனவே ஒரு தடத்தில் ஸட்ஜம் எத்தனை சென்ட் விலகுகிறதோ, அதே கணத்தில் பஞ்சமமும் அத்தனையே விலகும். குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியே விலகுகிறார்கள். குழுவைக் குழுவாக்குவதே அந்தத் தன்னிச்சை. சொலினாவில் முழுச் சுரக்கூட்டமும் ஒரே உடலாக அசைகிறது. ஒரே ஹார்னின் வழியாக வெளிவரும் ஆர்கன் ஒலியும் அப்படியே.

லெஸ்லி பெட்டியில் ஒலியின் அளவும் ஏறி இறங்கும், தாமதச் சுற்றில் அது இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், தாமதச் சுற்று ஒலியளவை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் மூன்று தடங்கள் கூடும் இடத்தில் எழும் வலுவும் மங்கலும் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு பகுதியை மீட்டுத் தருகின்றன.

பழைய விளக்கம் இவ்வளவு காலம் நீடித்ததற்குச் சான்றுத் தெரிவும் ஒரு காரணம். ழான் மிஷேல் ழாரின் 1976ஆம் ஆண்டு ‘ஆக்சிஜென்’ இசைத்தட்டு இவ்வாதங்களில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே எமினென்ட் 310இன் ஒலி, எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் ஸ்மால் ஸ்டோன் பேஸர் வழியாகச் சென்ற ஒன்று. பேஸரும் நிறத்தை மெல்ல நகர்த்தும் கருவியே. ஆகவே அத்தட்டில் கேட்கும் மெதுவான அலைவில் எது என்செம்பிள் சுற்றுக்கு உரியது, எது பேஸருக்கு உரியது என்று காதால் மட்டும் பிரிக்க இயலாது. பிங்க் ஃபிளாய்டின் 1975ஆம் ஆண்டு ‘விஷ் யூ வேர் ஹியர்’ தட்டில் ரிச்சர்ட் ரைட் சொலினாவோடு ஹாமண்டையும் மினிமூகையும் வாசித்திருக்கிறார். அங்கும் தடங்கள் கலந்தே கிடைக்கின்றன. புகழ்பெற்ற தட்டுகளை ஒதுக்கிவிட்டு, என்செம்பிள் பொத்தானை அணைத்தும் இயக்கியும் ஒரே சுரக்கூட்டத்தைப் பதிவு செய்து, ஒவ்வொரு சுரத்தின் விலகலையும் தனித்தனியே அளப்பதே முறை. விலகல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிக் கிடைத்தால் என் வாதம் விழுந்துவிடும். சுற்றின் அமைப்பைப் பார்த்தவரை அவ்வாறு கிடைக்க வாய்ப்பில்லை.