வேகம் வந்த கதை

நம் விடுதியில் கிடார் இல்லாத மாடி கிடையாது. வாங்கிய மூன்றாம் வாரமே "ஸ்பீடு வரமாட்டேங்குதுடா" என்ற புலம்பலும் ஆரம்பித்துவிடும். என் பேட்ச் நண்பன் ஒருவன் ஒரே மாதத்தில் வேகம் வரணும் என்று தினமும் நாலு மணி நேரம் தேய்த்து, மணிக்கட்டு வீங்கி, கிடாரை ஜூனியருக்குக் கொடுத்துவிட்டான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஏனென்றால் இந்தப் புலம்பலுக்கு இருநூறு வருடச் சரித்திரம் இருக்கிறது.

இத்தாலிக்காரரான மௌரோ ஜூலியானி 1806-ல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். 1812-ல் அங்கே வெளிவந்த அவருடைய ஓபஸ் 1 பாடப் புத்தகத்தில் வலது கைக்கு 120 பயிற்சிகள் உண்டு. அதைப் பார்த்தால் பொறியாளர்களான நமக்குச் சட்டென்று பிடித்துப்போகும். 120-லும் இடது கைக்கு இரண்டே கார்டுகள்: சி மேஜர், ஜி செவன். இடது கையைப் பற்றிய யோசனையே வேண்டாம். வலது கை விரல்களின் வரிசை மட்டும்தான் மாறிக்கொண்டே போகும். லேபில் நாம் செய்ததும் இதுதானே? ஒன்றை நிலையாக வை, மற்றதை மாற்று. நம்ம சரளி வரிசையும் தூரத்துச் சொந்தம்தான். ஸ்வரம் அதே, காலம்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும். (சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்த ஆர். பிரசன்னா கர்நாடக இசையையே கிடாரில் கொண்டுவந்தார். அவர் நம்ம கல்லூரி இல்லை என்பது ஒரு குறைதான்!)

ஜூலியானி புத்தகம் போட்டபோது மெட்ரோனோம் கடைக்கு வரவில்லை. ஆம்ஸ்டர்டாமில் விங்கல் என்பவர் 1814-ல் செய்த ஊசல் கருவியைப் பார்த்து, அளவுகோல் ஒன்றைச் சேர்த்து, 1815-ல் தன் பெயரில் பேடண்ட் வாங்கிவிட்டார் மெல்ட்ஸல். நியாயமா என்று கேட்காதீர்கள். ஆனால் வேகம் என்பது அன்றுதான் ஓர் எண்ணாக ஆனது. பழைய மெட்ரோனோமில் 60-க்கு அப்புறம் 63, 66, 69, 72. அதற்கு மேல் நான்கு நான்காக ஏறும். ஒரு படி சுத்தமாக வந்தால்தான் அடுத்த படி. நம் நண்பன் 60-லிருந்து ஒரே தாவாகத் தாவப் பார்த்தான். கை இறுகிப் போனால் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும்; அப்புறம் எங்கிருந்து வேகம்?

அடுத்தது பாரிஸில் நடந்த சண்டை. சண்டை என்றால் அடிதடி இல்லை, நகமா சதையா என்பதுதான். பார்சிலோனாவில் பிறந்த ஃபெர்னாண்டோ சோர், விரல் நுனிச் சதையால்தான் தந்தியை மீட்டவேண்டும் என்ற கட்சி. மாட்ரிட்காரரான டியோனிசியோ அகுவாடோ நகக் கட்சி. வேகமான ஓட்டத்துக்கு நகம் தெளிவு தரும். தொனியின் கனத்துக்குச் சதை. சோர் 1830-ல் வெளியிட்ட பாடநூலில் நகத்தால் வாசிப்பவர்களைச் சகிக்க முடியாது என்றே எழுதினார், அகுவாடோவை மட்டும் விதிவிலக்காக விட்டுவிட்டு. வேடிக்கை என்னவென்றால் இருவரும் பாரிஸில் ஒரே ஹோட்டலில் தங்கியிருந்த நண்பர்கள். 'இரு நண்பர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் சோர் ஒரு இரட்டைக் கிடார் இசையை எழுதி, ஒரு பாகத்தில் தன் பெயரையும் இன்னொன்றில் அகுவாடோ பெயரையும் போட்டார். அகுவாடோவும் விட்டுக்கொடுத்தார்: சோர் வாசித்ததைக் கேட்டபின் கட்டைவிரலுக்கு மட்டும் நகத்தை விட்டுவிட்டதாக 1843-ல் எழுதினார். கிடாரைத் தாங்க மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றையும் அவர் உருவாக்கினார். கருவியைப் பிடிக்கும் வேலை கைக்கு எதற்கு என்பது அவர் கேள்வி. என்னைக் கேட்டால் இதுதான் அசல் இன்ஜினியர் மூளை.

கடைசியாக ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1910-ல் பெல்ஜியத்தில் பிறந்த நாடோடி இனத்துக்காரர். 1928 நவம்பரில், பதினெட்டு வயதில், அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்தது. உள்ளே விற்பனைக்கு வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் குபீரென்று எரிந்தன. காலை எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள், அவர் சம்மதிக்கவில்லை. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப் போயின. மாதக்கணக்கில் சிகிச்சையில் கிடந்தபோது தம்பி ஜோசப் ஒரு கிடார் கொண்டுவந்து கொடுத்தார்.

நான்கு விரலுக்கென்று எழுதிய பாடம் இனி உதவாது. ஸ்கேலைக் குறுக்கே பரப்பி வாசிக்கும் இடத்தில், ஆள்காட்டி விரலும் நடுவிரலுமாகக் கழுத்தின் நீளவாக்கில் ஓடப் பழகினார். சுருங்கிய விரல்களையும் சும்மா விடவில்லை. மேல் தந்திகளில் சில கார்டுகளுக்கு அவற்றை அழுத்தப் பழக்கினார். 1934-ல் பாரிஸில், வயலின் வாசித்த ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து அமைந்த ஐவர் குழு ஐரோப்பாவின் பெயர்பெற்ற ஜாஸ் குழுக்களில் ஒன்றானது. 1953-ல் இறக்கும்வரை தனி வாசிப்பெல்லாம் அந்த இரண்டு விரலில்தான். அந்த ரெகார்டுகளை அப்படியே வாசிக்க, நான்கு விரலும் நன்றாக இருக்கிறவர்கள் இன்றைக்கும் மெட்ரோனோமை 60-ல் வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள்.